501-ஆவது யூனிட்டும் எங்கள் வளவு மீட்டர்களும்

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் கரண்ட் பில் 1,805 ரூபாய். 501 யூனிட் ஓடினால் 2,048 ரூபாய் 40 காசு. 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணப் பட்டியல்படி இதுதான் கணக்கு. அந்த ஒற்றை யூனிட்டுக்கு நாம் கொடுப்பது 243 ரூபாய் 40 காசு. பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருப்பது ஒரே வாசலுக்குள் பல வீடுகள் உள்ள வளவு. அளந்த கணக்கைத் தானே அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் வந்தால் பில் ஏறிவிடும் என்று அங்கே பதறுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். மீட்டர் பழசா புதுசா என்று பார்ப்பதற்கு முன்னால், ரீடிங் எடுக்கிற அன்றைக்கு நம் வீடு 500-க்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்.

ஏன் அப்படி ஏறுகிறது என்றால், 500-க்குள் இருக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35, 201 முதல் 400 வரை 4.70, கடைசி நூறுக்கு 6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 என்ற படியே காணாமல் போய்விடும். 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.70. அதில் போவது 235 ரூபாய். 501-ஆவது யூனிட்டுக்கு 8.40. இரண்டையும் கூட்டினால் 243.40. அதற்கு மேல் 601 முதல் 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதையும் தாண்டினால் 11.55. 2025 ஜூலையில் கட்டணம் கூடியபோது வீடுகளுக்கான சுமையை அரசே ஏற்றுக்கொண்டது. நீங்கள் இதைப் படிக்கும்போது பட்டியல் மாறியிருந்தால் புது எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் பில் திடீரென்று தாவுகிறது என்று தேடிப் பார்க்கிற முறை மாறாது.

நான் தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். வளவில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பில்லைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவது அதனால்தான். முன்னெல்லாம் மீட்டர்ப் பெட்டிக்குள் வெள்ளை அட்டை தொங்கும். ரீடிங் எடுக்க வருகிறவர் அதில் தேதியையும் யூனிட்டையும் எழுதிவிட்டுப் போவார். வீட்டில் யாராவது ஒருவர் அதை எடுத்துப் பார்ப்பார்கள், போன தடவையோடு ஒப்பிடுவார்கள். இப்போது செல்போனில் தொகை மட்டும் வந்து விழுகிறது. கட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். யூனிட் எத்தனை என்று கேட்டால் வளவில் பாதிப் பேருக்குத் தெரியாது, ரூபாய் மட்டும் தெரியும்.

இந்த ஸ்மார்ட் மீட்டர் பயம் எப்போது பிடித்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். 2022 செப்டம்பர் 10 அன்று கட்டணம் உயர்ந்தது. 500 யூனிட்டுக்கு 1,130 கட்டிக்கொண்டிருந்த வீடு 1,725 கட்டியது. அந்தத் தொகை 2024-ல் 1,805 ஆனது. ஸ்மார்ட் மீட்டர் பேச்சும் அதே காலத்தில்தான் பத்திரிகைகளில் அடிபட ஆரம்பித்தது. மத்திய அரசின் மின் பகிர்மானச் சீரமைப்புத் திட்டம் 2021-ல் வந்தது, நாடு முழுக்க 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் என்றார்கள். இரண்டு செய்தியும் சேர்ந்தே காதில் விழுந்ததால், கட்டணம் கூடினதற்கும் மீட்டர்தான் காரணம் என்று மனசில் பதிந்துவிட்டது. விலையை நிர்ணயிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். மீட்டர் அளக்க மட்டும்தான் செய்யும். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும், மீதிப் பாதியைச் சரியான இடத்தில் வைத்துக் கேள்வி கேட்கலாம்.

100 யூனிட் இலவசம் போய்விடுமா என்பது அடுத்த கேள்வி. அது 2016 மே மாதம் ஜெயலலிதா மறுபடி முதலமைச்சர் ஆன அன்று கையெழுத்திட்ட ஆணையில் வந்தது. மானியம் அரசு ஆணையில் இருக்கிறது, மீட்டர்ப் பெட்டிக்குள் இல்லை. ஆணை இருக்கிறவரை எந்த மீட்டரானாலும் 100 யூனிட் கழிந்துதான் பில் வர வேண்டும்.

சென்னை தியாகராய நகரில் முன்னோட்டமாக ஒரு லட்சத்துக்கும் மேலான ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்தினார்கள். எங்கள் அக்கா அங்கேதான் இருக்கிறாள். ரீடிங் எடுக்க ஆள் வருவதில்லை, கணக்கு தானாகப் போகிறது, பில் முன்னே மாதிரிதான் வருகிறது என்றாள். அத்தான் மட்டும் மாசாமாசம் மீட்டரைப் பார்த்து எழுதி வைக்கிறாராம். மாநிலம் முழுக்கப் பொருத்துவதற்கான டெண்டரை, கேட்ட விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்கள். எங்கள் வளவுக்கு இன்னும் வரவில்லை. வருவதற்கு முன் கிடைத்திருக்கும் இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

புது மீட்டர் வேகமாக ஓடும் என்கிற பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு. தகடு சுற்றுகிற பழைய மீட்டர் இருந்த வீடுகளில் அது நடந்தது. வருஷக் கணக்காக ஓடித் தேய்ந்த தகடு, செல்போன் சார்ஜர், டிவி பெட்டி மாதிரிச் சின்னச் சின்னக் கரண்ட்டுக்கு அசையாது. எண் காட்டுகிற எலக்ட்ரானிக் மீட்டர் அதையும் விடாமல் எண்ணும். ஆனால் அந்த மாற்றம் நம் பக்கம் பெரும்பாலான வீடுகளில் எப்போதோ நடந்து முடிந்தது. இப்போது வீட்டு முன்பக்கத் தார்சாவில் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருப்பதும் எலக்ட்ரானிக் மீட்டர்தான். அதிலிருந்து ஸ்மார்ட் மீட்டருக்கு மாறும்போது அளவில் பெரிய வித்தியாசம் வரக் கூடாது. ஸ்மார்ட் மீட்டரில் கூடுதலாக இருப்பது, அளந்ததைத் தானே அனுப்பும் வசதியும், தூரத்திலிருந்து இணைப்பைத் துண்டிக்கவும் கொடுக்கவும் முடிகிற வசதியும். அதனால் மாற்றிய பிறகு யூனிட் சட்டென்று கூடினால் விளக்கம் கேட்கும் உரிமை நமக்கு முழுசாக உண்டு. ஆனால் கூடியிருக்கிறது என்று காட்ட முந்தைய கணக்கு நம் கையில் இருக்க வேண்டுமே.

எதிர்வீட்டு ஆச்சி கதையைச் சொன்னால் இது விளங்கும். சித்திரை கழிந்து வந்த பில்லைப் பார்த்துவிட்டு ஆச்சி நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "ஏ பிள்ள, எங்க வீட்ல ஏசியா ஓடுது? ஃபேனும் ஒரு பிரிட்ஜும் ஓடுனதுக்கு இம்புட்டு ரூவாயா? இந்த மீட்டரே இப்படின்னா, அந்தப் புது மீட்டரு வந்தா நம்மள வித்துல்லா கட்டணும்?" என்றார். வழக்கமாக 400 யூனிட்டை ஒட்டி வருகிற வீடு. 1,175 ரூபாய் கட்டுகிறவர்கள். அந்தத் தடவை 560-ஐத் தாண்டியிருந்தது. தொகை இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல்.

"ஆச்சி, மெயினை அணைக்காதீங்க. மத்த எல்லா சுவிட்சையும் அணைச்சிட்டு, பிரிட்ஜ் பிளக்கையும் உருவிட்டு வாங்க" என்றேன். மருமகள் வீடு முழுக்கப் போய் அணைத்துவிட்டு வந்தாள். செல்போன் சார்ஜர், டிவி, கொசுவத்தி மெஷின் எல்லாம் உருவியாயிற்று. தார்சாவில் மீட்டர் முன்னால் நின்றோம். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருப்பார்கள். ஆச்சி வீட்டு மீட்டரில் 3200. அந்தச் சிவப்பு விளக்கு 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். வீட்டில் எதுவும் ஓடாதபோது அது சிமிட்டவே கூடாது. ஆனால் கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் பத்து விநாடிக்கு ஒரு தரம் சிமிட்டியது. பக்கத்தில் எர்த் என்று எழுதிய சின்ன விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பத்து விநாடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 360 சிமிட்டல். நாள் முழுக்க 8,640. அதை 3200-ஆல் வகுத்தால் 2.7 யூனிட். அறுபது நாளைக்கு 162 யூனிட். ஆச்சி வீட்டில் கூடியிருந்தது கிட்டத்தட்ட அதே அளவு. மீட்டர் தப்பாக ஓடவில்லை. வீட்டுக்குள் எங்கேயோ கரண்ட் போய்க்கொண்டிருந்தது, மீட்டர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

வயரிங் வேலை பார்க்கும் அண்ணாச்சி சாயங்காலம் வந்தார். பழைய கட்டை போர்டு, பீங்கான் பீஸ்கள் (ஃபியூஸ்). மெயினை அணைத்து ஒரு பீஸை உருவுவது, மெயினைப் போட்டு விளக்கைப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். புறவாசல் குளியலறைக்குப் போகும் லைனை உருவியதும் சிமிட்டல் நின்றது. மேல்தொட்டி கசிந்து அந்தச் சுவர் முழுக்க ஓதம் அடித்திருந்தது. தண்ணீர் பைப்பை ஒட்டி ஓடிய வயர் ஒரு முழத்துக்கு உறை உரிந்து கிடந்தது. "பில்லு கூடினது பெரிசில்ல ஆச்சி. யாரும் அந்தப் பைப்பத் தொட்டு அடி வாங்காம இருந்தாகளே, அது பெரிசு" என்றார் அண்ணாச்சி. அதைக் கேட்டதும் ஆச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. பேரப்பிள்ளைகள் அந்தக் குளியலறையில்தான் குளிக்கிறார்கள். புது வயர் இழுத்து, கசிவு இருந்தால் தானே விழுந்துவிடுகிற 30 மில்லி ஆம்பியர் பிரேக்கரும் போட்டார்கள். செலவு ஆயிற்றுதான். வீட்டில் வேறு எதை வாங்குவதற்கு முன்னாலும் அந்தப் பிரேக்கரைப் போடுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன். பழைய ஓட்டு வீடு, ஓதம் அடிக்கிற சுவர் என்றால் கண்டிப்பாக.

இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. மீட்டரையே சந்தேகப்படுகிறவர்கள் இதைத் திருப்பியும் செய்து பார்க்கலாம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தண்ணீர் சுடவைக்கும் ஆயிரம் வாட் ராடை மட்டும் வாளித் தண்ணீரில் போட்டு ஓடவிடுங்கள். 3200 மீட்டரில் நிமிஷத்துக்கு 53 சிமிட்டல் வர வேண்டும், 1600 மீட்டரில் 26 அல்லது 27. வோல்டேஜைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் இருக்கும். 3200 மீட்டரில் எழுபது, எண்பது என்று வந்தால் மட்டுமே மீட்டரைச் சந்தேகப்படுங்கள். ராடு ஓடும்போது வாளியில் கை வைக்கக் கூடாது என்பதைச் சொல்லாமல் விட மனசில்லை.

வீடு முழுக்க ஒரு கணக்கு எடுத்தால், நம் ஊர் வெயிலுக்குப் பணத்தைத் தின்பது பெரும்பாலும் ஃபேன்தான். ஏசி என்றால் ஓடுவது தெரியும், பயந்து பயந்து போடுவோம். ஃபேனைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டோம். பழைய ஃபேன் ஒன்று 75 வாட். மூன்று ஃபேன் தினம் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 200 யூனிட் ஆகிவிடும். பிஎல்டிசி என்று விற்கிற புது வகை ஃபேன் 30 வாட்டில் ஓடும், அதே நேரத்துக்கு 80 யூனிட்தான். மிச்சம் 120. இந்த 120 யூனிட்டின் விலை எல்லா வீட்டுக்கும் ஒன்றில்லை. 560 யூனிட் ஓடுகிற வீடு 440-க்கு இறங்கினால் பில் 2,544-லிருந்து 1,427 ஆகும். 1,117 ரூபாய் மிச்சம். ஒரு ஃபேன் மூவாயிரம் ரூபாய் வாக்கில் விற்கிறது, ஒன்றரை வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும். 300 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு அதே மாற்றத்தால் பாதிதான் மிச்சம், அவர்கள் பழையது கெட்டுப்போகும்போது மாற்றினால் போதும். விளம்பரத்தைப் பார்த்து வாங்காதீர்கள், உங்கள் யூனிட்டைப் பார்த்து வாங்குங்கள்.

மோட்டாரும் அப்படித்தான். ஒரு ஹெச்பி மோட்டார் மணிக்கு ஒரு யூனிட்டைத் தாண்டும். தொட்டி நிறைந்து வழிந்த பிறகும் ஓடுகிற ஒவ்வொரு கால் மணி நேரமும் காசுதான். சோலாரைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு கிலோவாட் தகடு நாளைக்கு நாலு யூனிட் வாக்கில் தரும். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000 மானியம். எப்போதும் 500-க்கு மேலே நிற்கிற சொந்த வீட்டுக்காரர்கள் யோசிக்கலாம். வளவில் வாடகைக்கு இருக்கிற எங்களுக்கு மாடியே இல்லை.

வாடகை வீடு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இதற்கு முன் நாங்கள் இருந்த வீட்டில் ஒரே சர்வீஸில், அதாவது ஒரே மின் இணைப்பில், மூன்று குடித்தனம், ஆளுக்கொரு சப் மீட்டர். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு ஒரே விலையாக எட்டு ரூபாய் வாங்கினார். தனி சர்வீஸ் இருந்திருந்தால் இலவசத்திலும் 2.35-லும் முடிந்திருக்க வேண்டிய யூனிட்டுகளுக்கு நாங்கள் எட்டு ரூபாய் கொடுத்தோம். மூன்று குடித்தனமும் ஒரே மீட்டரில் ஏறுவதால் மொத்தம் எப்போதும் 500-ஐத் தாண்டியே நின்றது. வாடகைக்கு வீடு பார்க்கும்போது தண்ணீர் எப்படி என்று கேட்கிற மாதிரி, சர்வீஸ் தனியா என்று கேளுங்கள். ஐந்நூறு ரூபாய் வாடகை கூடினாலும் தனி சர்வீஸ் உள்ள வீடு லாபமாக இருக்கலாம்.

இப்போது தேதி விஷயம். ஒரு வீட்டில் நாளைக்கு எட்டு யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபதாம் நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், 1,679 ரூபாய். ஐந்து நாள் தள்ளி எடுத்தால் 520 யூனிட், 2,208 ரூபாய். அடுத்த தடவை ஐம்பத்தைந்து நாளில் எடுத்துவிட்டால் 440-க்கு 1,427. இரண்டு பில்லையும் கூட்டிப் பாருங்கள், 277 ரூபாய் கூடுதல். அந்த வீட்டில் யாரும் ஒரு ஃபேனைக் கூட அதிகம் போடவில்லை. ரீடிங் எடுக்கிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருவர் தலையில் எத்தனை தெருவைக் கட்டுகிறார்கள் என்று பார்க்கத்தான் செய்கிறோம். ஆனால் நஷ்டம் குடும்பத்துக்கு. ஸ்மார்ட் மீட்டரால் நமக்கு வரக்கூடிய உறுதியான நன்மை இதுதான் என்று நினைக்கிறேன். குறித்த நாளில் குறித்த நேரத்தில் கணக்கு எடுக்க முடியும். அதை நுகர்வோர் உரிமையாகவே கேட்டு வாங்க வேண்டும்.

மாதக் கணக்கீடு வந்தால் பில் குறையும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். 2021 தேர்தலில் அது வாக்குறுதியாகவே வந்தது. நானும் அதை ஆதரிக்கிறேன், கட்டச் சுலபம். ஆனால் படிகளை அப்படியே பாதியாக்கினால் எல்லா வீட்டுக்கும் குறையாது. ஒரு மாதம் ஊருக்குப் போய் 150 யூனிட், அடுத்த மாதம் வெயிலில் 350 யூனிட் ஓடுகிற வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் கணக்கில் 500, பில் 1,805. மாதக் கணக்கில் 50 இலவசம், 250 எல்லை என்று பாதியாக வைத்துப் பார்த்தால், முதல் மாதம் 352 ரூபாய் 50 காசு, இரண்டாம் மாதம் 1,912 ரூபாய் 50 காசு. மொத்தம் 2,265. 460 ரூபாய் கூடுதல். மாதக் கணக்கீடு கேட்கிறவர்கள், படிகளை எப்படிப் பிரிப்பார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது முன்பணம் கட்டுகிற முறை. மத்திய திட்டம் பொருத்தச் சொல்வதே பிரீபெய்டு, அதாவது முன்பணம் கட்டுகிற ஸ்மார்ட் மீட்டரைத்தான். மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற வீடுகளில் வாரக் கூலிதான் வரும்படி. இப்போது கணக்கு எடுத்த நாளிலிருந்து இருபது நாள் அவகாசம் இருக்கிறது. இந்த வாரக் கூலியில் கொஞ்சம், அடுத்த வாரக் கூலியில் கொஞ்சம் என்று சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். "ரூவா தீந்துட்டுன்னா ராத்திரியில லைட்டு அணைஞ்சிருமா?" என்று ஆச்சி கேட்டபோது அது அறியாமையில் கேட்ட கேள்வியாக எனக்குப் படவில்லை. கைக்குழந்தையும் நோயாளியும் இருக்கிற வீட்டில் ரீசார்ஜ் தீர்ந்தால் என்ன நடக்கும் என்பதை மீட்டர் பொருத்துவதற்கு முன்னால் மின்வாரியம் எழுத்தில் சொல்ல வேண்டும். விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் முன்பணம், மற்றவர்களுக்கு இப்போதுள்ள அவகாசம் என்று இருப்பதுதான் நியாயம்.

நேரத்துக்கு ஏற்ற கட்டணம் என்று இன்னொன்றும் இருக்கிறது. 2023 ஜூனில் மத்திய அரசு நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. பகலில் வெயில் உள்ள எட்டு மணி நேரத்துக்கு 10 முதல் 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்துக்கு 10 முதல் 20 சதவீதம் கூடுதல் என்று அதில் இருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளையும் அந்த விதி கணக்கில் எடுக்கிறது. மாநில ஆணையம் ஆணை போட்டால்தான் நம் பில்லில் வரும். வந்தால் மாவாட்டுவது, மோட்டார் போடுவது, துணி தேய்ப்பது எல்லாவற்றையும் மதியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பகலில் வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்களுக்கு அடுப்படி வேலை முழுக்க உச்ச நேரத்தில்தான். பாபநாசத்தில் 1944 முதல் தண்ணீரில் கரண்ட் எடுக்கிறார்கள், பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆனி ஆடியில் காத்தாடிகள் ஓயாமல் சுற்றுகின்றன, கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன. இத்தனையும் நம் மண்ணில் இருக்கும்போது, விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூடுதல் விலை கேட்டால் இங்கே உள்ளவர்களுக்கு வலிக்கத்தான் செய்யும்.

அதே 2023 திருத்தத்தில் நமக்குச் சாதகமான இரண்டு விஷயமும் உண்டு. நம் இணைப்புக்கு அனுமதித்த மின்பளுவைவிட அதிகம் இழுத்ததாக ஸ்மார்ட் மீட்டர் காட்டினால், அது பொருத்துவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் போடக் கூடாது. பளுவை உயர்த்துவதும், ஒரு நிதியாண்டில் குறைந்தது மூன்று தடவை தாண்டியிருந்தால்தான். 2024 பிப்ரவரித் திருத்தம் இன்னும் முக்கியம். ரீடிங் என் உபயோகத்தோடு பொருந்தவில்லை என்று புகார் கொடுத்தால், ஐந்து நாளுக்குள் இன்னொரு மீட்டரை இணையாகப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த விதியைப் புகார் மனுவில் எழுதிக் கொடுங்கள்.

இதற்கெல்லாம் அடிப்படை ஒரு நோட்டு. நாங்கள் வளவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டரைப் பார்த்து எழுதுகிறோம். தேதி, ரீடிங், போன வாரத்திலிருந்து எத்தனை யூனிட், அவ்வளவுதான். 500-ஐ அறுபதால் வகுத்தால் நாளைக்கு எட்டேகால் சொச்சம், வாரத்துக்கு 58. வாரத்துக்கு 58-க்குள் ஓடுகிற வீடு கவலைப்பட வேண்டாம். தாண்டினால் அந்த வாரமே காரணம் தேடலாம், விருந்தாளியா, வெயிலா, மோட்டாரா, கசிவா என்று. நாற்பத்தைந்தாம் நாளில் 390 ஆகியிருந்தால் மீதி பதினைந்து நாளைக்கு 110 யூனிட் இருக்கிறது என்று தெரியும், துணி தேய்ப்பதைக் கடையில் கொடுத்துவிடலாம். ஒரு வருஷம் எழுதினால் சித்திரைக்கும் கார்த்திகைக்கும் உள்ள வித்தியாசம் முழுக்கக் கையில் வந்துவிடும். புது மீட்டர் வந்த பிறகு போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிட அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆச்சியின் பேத்திதான் இப்போது அவர்கள் வீட்டு நோட்டை எழுதுகிறாள்.

மீட்டர் மாற்ற ஆள் வருகிற அன்று வீட்டில் ஒருவர் இருப்பது நல்லது. பழைய மீட்டரைக் கழற்றுவதற்கு முன் கடைசி ரீடிங்கும் மீட்டர் எண்ணும் தெரிகிற மாதிரி செல்போனில் படம் எடுங்கள். புது மீட்டரின் எண்ணையும் அது காட்டுகிற தொடக்க ரீடிங்கையும் எடுங்கள். கையெழுத்து கேட்டால் இரண்டு ரீடிங்கும் அந்தத் தாளில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். அடுத்த பில்லில் பழைய மீட்டரில் ஓடினதும் புதியதில் ஓடினதும் கூட்டிச் சரியாக வந்திருக்கிறதா என்று உங்கள் நோட்டோடு வைத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-ல் புகாரைப் பதிந்து, அதே வாரத்தில் பிரிவு அலுவலகத்திலும் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே தீரவில்லை என்றால் மின் பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு அந்த முத்திரை போட்ட நகலோடுதான் போக வேண்டியிருக்கும்.